நின்ன இடத்துல நிக்கிற லென்ஸ்

"என்ன பறவைண்ணே, மொதல்ல அதைச் சொல்லுங்க," என்றார் ஹாஜா முகைதீன்.

ராமநாதபுரத்தில் கேமரா கடை வைத்திருப்பவர் அவர். தூரத்து லென்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கண்ணாடி அலமாரியைத் திறக்கவே மாட்டார். எதிரில் நின்ற பூமிநாதன் முதுகுளத்தூர் பக்கத்து மிளகாய் விவசாயி. கழுத்தில் தொங்கிய பழைய கேமராவைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பறவைதான் பாய். எட்டத்துல இருக்கு. இந்த லென்ஸுல எறும்பு கணக்காத் தெரியுது."

"எம்புட்டு உசரம்?"

"ரெண்டு அடி இருக்கும்."

"நல்லாப் பறக்குமா?"

"எங்கிட்டுப் பறக்க! இப்பத்தான் நடக்கவே பழகுது. நாலு எட்டு வச்சதும் பொத்துன்னு உக்காந்துருது," என்று சொல்லும்போதே பூமிநாதனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சட்டென்று சுதாரித்துக்கொண்டு மீசையை இழுத்து விட்டார்.

"எங்கன பாத்தீக?"

"தங்கச்சிமடம் கடக்கரையில."

ஹாஜா முகைதீன் புருவத்தைத் தூக்கினார். "பூநாரைக் குஞ்சா இருக்குமோ? அது நம்ம பக்கம் குஞ்சு பொரிக்காதேண்ணே! நெசமாப் பாத்தீகளா?"

"கண்ணாலதான் பாத்தேன்."

பூநாரையும் இல்லை, கொக்கும் இல்லை. அது பூமிநாதனின் பேத்தி.

மகள் கலைச்செல்வி ராமநாதபுரத்தில் நர்ஸ் வேலை பார்த்தபோது தங்கச்சிமடத்து மீனவப் பையன் பிரடெரிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். சேதி தெரிந்த அன்றைக்குப் பூமிநாதன் கோயில் வாசலில், ஊரே நிற்கும்போது, "அவ வீட்டு வாசப்படியை இனி நான் மிதிக்க மாட்டேன், இது சத்தியம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அந்தப் பக்கத்துச் சம்சாரி நிலத்தை விற்றாலும் விற்பான். ஊர் முன்னால் விட்ட வார்த்தையை மட்டும் திரும்ப வாங்க மாட்டான்.

கோபம் ஒரு வெயில் காலத்தோடு போய்விட்டது. வார்த்தைதான் போகாமல் உட்கார்ந்துகொண்டது. மறந்து தொலைக்கலாம் என்றால் பங்காளி தங்கப்பாண்டி விடுகிற ஆளில்லை. டீக்கடையில் கூட்டமாக இருக்கும்போதுதான் ஆரம்பிப்பான்.

"எங்க அண்ணன் சொன்னா சொன்னதுதான்யா. பேத்தி பெறந்தும் எட்டிப் பாக்கலையே! என்னா வைராக்கியம்!"

பத்துப் பேர் தலையாட்டுவார்கள். பூமிநாதனும் மீசையைத் தடவிக்கொள்வார். டீ மட்டும் கிளாஸிலேயே ஆறிக் கிடக்கும்.

வீட்டில் அவரும் ஆடுகளும்தான். மனைவி மீனம்மாள் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஒரு கை அரிசி போட்டுப் பொங்குவார், அதிலும் பாதி மிஞ்சும். ஆள் சத்தத்துக்காக டிவியைப் போட்டு விடுவார். யார் நடிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று பார்ப்பதே இல்லை. சில நாள் நாக்கு துருப்பிடித்துவிடுமோ என்று பயந்து கிடாயைப் பெயர் சொல்லித் திட்டுவார். அது அசை போட்டுக்கொண்டே கேட்கும்.

அப்படி ஒருநாள் கிடாயைத் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னோம்? பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லையே?

கல்யாண வீடுகளில் படம் எடுத்து ஓய்ந்துபோன ஒருவரிடம் கேமராவை வாங்கினார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் மாறி, தங்கச்சிமடத்தில் இறங்கி, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஓட்டைப் படகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார். யார் கேட்டாலும் பறவை.

"பிரைம் லென்ஸ் ஒண்ணு இருக்குண்ணே. படம் கத்தி மாதிரி விழும்," என்றார் ஹாஜா முகைதீன். "ஆனா ஜூம் கிடையாது. பறவை நகந்தா நீங்கதான் முன்ன பின்ன நடக்கணும்."

"என்னால முன்ன போக முடியாது பாய்."

"அப்ப ஜூம்தான். எழுபது-முந்நூறு எம்.எம். நின்ன இடத்துலயே நின்னு திருகுனாப் போதும், அதுவே கிட்ட வரும்."

"அதேதான். எனக்கு நின்ன இடத்துல நிக்கிற லென்ஸ்தான் வேணும்."

அந்தச் சனிக்கிழமை எறும்பு கட்டை விரல் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் பேத்திக்கு ரெண்டு தலை, நாலு கை. ஹாஜா முகைதீனிடம் போய்ப் புலம்பினார்.

"கை ஆடுதுண்ணே உங்களுக்கு."

"மம்பட்டி பிடிச்ச கை பாய், அது எதுக்கு ஆடப்போவுது?"

"பறவையைப் பாத்ததும் படபடன்னு வருதோ என்னமோ. ஸ்டேண்டு போட்டுருங்க, சரியாப் போயிரும்."

மூன்று காலுள்ள ஸ்டேண்டைக் கரையில் விரித்து நிறுத்தியதும் வேறு வினை வந்து சேர்ந்தது. யாரோ ரோடு போட அளக்க வந்திருக்கிறார்கள் என்று கரையெல்லாம் பேச்சாகிவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து வந்து, எந்த வீடு போகும், எந்த வீடு தப்பும் என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல, "சொல்ல மாட்டாரு, மேலிடத்து உத்தரவு" என்று தங்களுக்குள் முடிவு கட்டி, ஒருவர் இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்த நேரத்தில் மீன்கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பூமிநாதன் ஸ்டேண்டை மடக்கப் போனார். பிரடெரிக்கின் தாயார் பிரெசில்லா. லென்ஸ் வழியாகப் பல தடவை பார்த்த முகம். கல்யாணத்துக்குப் போகாததால் தன்னை அவளுக்குத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் நின்றார்.

"என்னய்யா பாக்குறீக?"

"பறவை."

"எங்கன?"

பூமிநாதன் ஆகாயத்தைக் காட்டினார். லென்ஸ் அவள் வீட்டைக் காட்டியது.

பிரெசில்லா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார். அதுமட்டுமில்லை, அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவருக்கு அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவர் வந்து சேருகிற நேரத்துக்குக் குழந்தை குளித்து, பவுடர் பூசி, புது கவுன் போட்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. அதுவும் சரியாகப் படகைப் பார்த்து. கலைச்செல்வி மட்டும் இந்தப் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பவில்லை. அவள் பார்க்காததும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் ஏனோ கண் எரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, கேமராவைச் சொம்பில் சாய்த்து வைத்து, அந்தச் சின்னத் திரையில் பேத்தியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். டிவியை அணைத்துவிட்டார். குழந்தை வாயைத் திறந்து சிரிக்கிற படம் ஒன்று இருந்தது. சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் லென்ஸுக்குக் காது கிடையாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால், கலைச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடுகளெல்லாம் மேடாக நிமிர்ந்து நின்றன. இந்தப் புது வீடு மட்டும் மணலோடு மணலாகக் கிடந்தது. நிலைக்குக் கீழே தண்ணீரைத் தடுக்க ஒரு கட்டைகூட இல்லை.

"கூறுகெட்ட பயலுக," என்று பல்லைக் கடித்தார் பூமிநாதன். "ஆட்டுக் கொட்டகை கட்டுறவன்கூட தண்ணி ஏறாமத்தான்டா கட்டுவான். படகு ஓட்டத் தெரிஞ்சாப் போதுமா, வீடு கட்டத் தெரிய வேணாம்? எம் மகளைக் கொண்டுபோயி..."

லென்ஸில் ஈரம் படிந்தது. கடல் காற்று என்று துண்டால் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்தார்.

அளக்க வந்தவர் என்ற பேச்சு அடங்குவதாக இல்லை. இளநீர் கொடுத்தவர் தன் வீடு தப்புமா என்று வாராவாரம் கேட்க ஆரம்பித்தார். இன்னும் தள்ளி, சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டால் நிம்மதி என்று தோன்றியது. தள்ளிப் போனால் பேத்தி மறுபடி எறும்பாகிவிடுவாள். நாலு கிடாயை விற்றுவிட்டு ஹாஜா முகைதீனிடம் போனார்.

"இருக்கதுலயே பெரிய லென்ஸு எது பாய்?"

"நூத்தம்பது-அறுநூறு. ஆனா யோசிச்சுக்கங்க. ஒரு குழந்தையைத் தூக்கிட்டுத் திரியிற கனம் இருக்கும்."

"தூக்குறேன். தூக்க எனக்கென்ன?"

"இன்னொண்ணு. இது தூரத்துக்குன்னே செஞ்ச லென்ஸு. பறவை ரொம்பக் கிட்ட வந்துருச்சுன்னா எடுக்காது. குறைஞ்சது ஒம்பதடி தள்ளி நிக்கணும்."

"அது எங்க பாய் கிட்ட வரப்போவுது," என்றார் பூமிநாதன்.

அந்தக் குரலைக் கேட்ட ஹாஜா முகைதீனுக்கு மனசு இளகிவிட்டது. பெரியவர் ஒற்றை ஆளாக எவ்வளவு கஷ்டப்படுகிறார், ஏதாவது உதவி செய்வோம் என்று நினைத்தார். அதுதான் வினை. பறவைப் படம் எடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சேதி போட்டுவிட்டார். தங்கச்சிமடத்தில் பூநாரைக் குஞ்சு, தத்தித் தத்தி நடக்கிறது, சனிக்கிழமைதோறும் தரிசனம்.

சனிக்கிழமை சவுக்குத் தோப்பில் மதுரை வேன் ஒன்று நின்றது. பச்சைத் தொப்பி போட்ட ஆறு பேர் இறங்கி, பூமிநாதனுக்குக் கை கொடுத்து, அவருக்கு ரெண்டு பக்கமும் வரிசையாக ஸ்டேண்டு போட்டார்கள்.

"ஐயா, குஞ்சு எங்க இருக்கு?"

"இன்னிக்கு வராது. லீவு," என்றார் பூமிநாதன் வாய்க்கு வந்தபடி.

"லீவா?"

சரியாக அந்த நேரத்தில் குழந்தை வீட்டை விட்டு வெளியே வந்தது. சிவப்பு கவுன். யாரும் பிடிக்காமல் தானாக நடந்தது. நாலு எட்டு, அஞ்சு, ஆறு, விழவே இல்லை. பூமிநாதன் தன்னை மறந்தார். "நடக்குது! ஏலே, விழாம நடக்குதுடா!" என்று கத்திக்கொண்டே லென்ஸைத் திருப்பினார்.

அவர் லென்ஸ் திரும்பிய பக்கம் மற்ற ஆறு லென்ஸும் திரும்பின.

"எங்க ஐயா? அங்க ஒரு பாப்பாதான் நிக்குது."

"அதுக்குப் பின்னாடி."

"பின்னாடி ஒரு கோழி மேயுது."

ஏழு கறுப்புக் குழாய்கள் தோப்புக்குள்ளிருந்து ஒரு வீட்டைக் குறி வைத்து நின்றால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? கலைச்செல்வி பாய்ந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பிரெசில்லா துடுப்பைத் தூக்கிக்கொண்டாள்.

"எவன்டா அது, எங்க புள்ளையைப் படம் எடுக்குறவன்?"

அவள் மணலில் ஓடி வந்த வேகத்தைப் பார்த்ததும் மதுரைக்காரர்கள் ஸ்டேண்டை மடக்கக்கூட நிற்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வேனில் விழுந்தார்கள். வேன் போய்விட்டது. பூமிநாதனும் ஓடத்தான் பார்த்தார். ஸ்டேண்டின் மூன்று காலும் மணலில் புதைந்து வர மறுத்தன. நாலு கிடாயை விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

பிரெசில்லா எதிரில் வந்து நின்று மூச்சு வாங்கினாள். யாரென்று பார்த்ததும் துடுப்பைக் கீழே போட்டாள்.

"நீங்களா? படகுப் பக்கம் காணோமேன்னு பாத்தா, இங்கன வந்து ஊரைக் கூட்டிட்டு நிக்கிறீகளா சம்பந்தி?"

"சம்பந்தியா? நான் பறவை..."

"ஆமா, பறவை! கலை வச்சிருக்க போட்டோவுல பாத்த மீசை எனக்குத் தெரியாதாக்கும்? வாராவாரம் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு ஒக்கார வச்சோம்ல, அந்தப் பறவைதான்." திரும்பி வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எம்மா கலை! புள்ளையை இப்படி விடு."

கலைச்செல்வி பாதி வழி வந்து குழந்தையை இறக்கி விட்டாள். அதற்கு மேல் அவளும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றாள். குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்தது. பூமிநாதன் பழக்க தோஷத்தில் லென்ஸில் கண்ணை வைத்தார். அது "ர்ர்ர், ர்ர்ர்" என்று முன்னும் பின்னும் ஓடித் தடுமாறியது. உள்ளே ஒரே சிவப்புப் புகை.

"எடுக்க மாட்டேங்குது," என்றார். குரல் உடைந்துவிட்டது. "கிட்ட வந்துட்டா இது எடுக்காதாம்."

"அப்ப அந்தக் குழாயை விட்டுட்டுக் கண்ணால பாருங்க."

மணலில் மண்டியிட்டார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. பிடித்திருந்தது போல, வாயைத் திறந்து கெக்கேகெக்கே என்று சிரித்தது. இத்தனை மாதம் சொம்பில் சாய்ந்திருந்த படத்துக்கு இன்றைக்குத்தான் சத்தம் வந்தது. பூமிநாதன் வெட்கத்தை விட்டு அழுதார்.

"எந்திரிங்க. வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்," என்றாள் பிரெசில்லா.

பூமிநாதன் எழுந்தார். கால் ரெண்டு எட்டு வைத்தது. பிறகு நின்றுவிட்டது. தங்கப்பாண்டியும், டீக்கடையும், கோயில் வாசலும் குறுக்கே வந்து நின்றன. தூரத்தில் நின்ற மகளைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார்.

"முடியாது தாயி. ஊரு முன்னால சொல்லிட்டேன். வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

பிரெசில்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையும் அந்தப் பெரிய லென்ஸையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெள்ளம் உள்ள வந்தாலும் பரவாயில்ல, எங்க அய்யா சொன்னா சொன்னதுதான்னு கொத்தனார் நிலைக்கு அடியில உசத்திக் கட்டுன படியை உங்க மகளே நின்னு இடிச்சுத் தள்ளி ஒரு வருசமாச்சு, அந்த வீட்டுல வாசப்படி எங்கன இருக்கு சம்பந்தி, நீங்க மிதிக்க?"