பட்டுப்போன கொய்யா

எழிலரசன் பட்டுப்போன கொய்யா மரத்தின் அடியில் டேப்பைச் சுற்றி அளந்துகொண்டிருந்தபோது பின்னால் யாரோ செருமினார்கள். மரத்துக்குச் சொந்தக்காரர் தங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டபடி நின்றிருந்தார்.

"சாரு தாலுகா ஆபீஸ்தானே? பைபாஸ் ரோடு இங்கிட்டுத்தான் வருதுங்களா?"

எழிலரசன் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர் என்பது உண்மை. ரோடு பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் உண்மை. அவருக்கு வேண்டியது ஒரு முழம் கட்டை. மூன்று வருஷமாக வீட்டுக் கூடத்து மேசையில் ஒரு பாய்மரக் கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறார், நிஜக் கப்பலில் அறுபத்து நாலில் ஒரு பங்கு அளவுக்கு. எல்லாம் முடிந்து, பாய்க்கயிறு ஓடும் கப்பிகள் மட்டும் பாக்கி. இருநூறு கப்பி, ஒவ்வொன்றும் உளுந்து அளவு. தேக்கைச் சீவினால் பிளந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் மலிந்து கிடக்கும் முந்திரிக்கட்டை பொடியாக உதிர்ந்தது. கொய்யாவுக்குத்தான் இழை நெருக்கம். அதுவும் நின்றபடியே பட்டுக் காய்ந்த கொய்யாவாக இருக்க வேண்டும். பச்சைக் கட்டை காயும்போது வெடித்துவிடும்.

அடுத்த மாதம் மகள் ஹரிணிக்கு அந்தக் கூடத்தில்தான் நிச்சயதார்த்தம். அதற்குள் கப்பலை முடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காவிட்டால் பரணில் ஏற்றிவிடுவேன் என்று மனைவி பிரகதீஸ்வரி சொல்லிவிட்டாள். இதற்கு முந்தைய கப்பலும் பரணில்தான் இருந்தது. எலிகள் அதைக் கொடிமரத்தில் ஆரம்பித்து அடித்தட்டுவரை தின்று தீர்த்தன. அன்று எழிலரசன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

இவ்வளவையும் தங்கமுத்துவிடம் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கப்பலுக்குங்களா. சரிங்க சார், நாங்க வெளிய சொல்ல மாட்டோம். ஆனா எண்ணி முடிக்கிறவரைக்கும் மரத்துல கை வைக்க முடியாதுங்களே."

ரோட்டுக்கு நிலம் எடுத்தால் பலன் தரும் மரங்களுக்குத் தனியாக நஷ்டஈடு உண்டு. அது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் செய்தி ஊரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை எழிலரசன் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு லுங்கியில் போனார். மாறுவேஷத்தில் வருகிறார் என்றால் நாலு வழிச்சாலையாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு செய்தது. அதற்கடுத்த நாள், குடும்பஸ்தன் என்றாவது நம்பட்டுமே என்று மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த அம்மாதான் மேலதிகாரி என்று பேசிக்கொண்டார்கள். மூன்று வீட்டில் மோர் கொடுத்தார்கள், நாலாவது வீட்டில் மனு கொடுத்தார்கள். பிரகதீஸ்வரி மனுவை வாங்கி, ஆவன செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

எழிலரசனுக்கு அலுத்துவிட்டது. ஊர் முனையில் செவந்தியின் டீக்கடைக்குப் போய், விறகடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கியபடி, அங்கிருந்த நாலு பேரிடமும் புரியும்படியாகச் சொன்னார்.

"காய்க்கிற மரம் எனக்கு வேணாங்க. பட்டுப்போன கொய்யா எங்கெங்க நிக்குதுன்னு மட்டும் காட்டுங்க. நான் பாக்க வேண்டியது அதைத்தான்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழிலரசன், இந்த முறை புரிந்துவிட்டது என்று நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வேன் வைத்து வந்தார்கள். எங்கள் ஊர்ப் பழமரங்களை உடனே கணக்கெடுக்க வேண்டும் என்று நூற்றுப் பத்துக் கையெழுத்து. தாசில்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத காகிதம் எதுவும் அவர் மேசையில் அரை மணிக்கு மேல் தங்காது.

"அந்த ஊரு ஒங்களுக்குப் பழக்கமாமே எழிலரசன். நீங்களே போய் எண்ணிட்டு வந்துருங்க."

போனார். வெயிலில் மூன்று நாள் எண்ணினார். அறுநூற்றுப் பன்னிரண்டு கொய்யா, எல்லாம் முழங்கால் உயரம். சிலவற்றில் நர்சரி பாலித்தீன் பையே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்ட மரம் ஒன்றுகூட இல்லை. தங்கமுத்துவின் மரம் நின்ற இடத்தில் ஈர மண்ணில் ஒரு கன்று நாலு இலையோடு நின்றது.

"பட்ட மரமா?" என்றார் தங்கமுத்து. "எப்பவும் இந்தக் கன்னுதான் நிக்குது சார்."

எழிலரசன் அவரோடு சண்டை போடவில்லை. அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். கன்று ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பரண் ஏணியைப் பிரகதீஸ்வரி காலையிலேயே துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில் செவந்தி கடையில் உட்கார்ந்தார். இந்த மூன்று நாளும் அவர் வாயில் ருசியாகப் பட்டது அந்த டீ ஒன்றுதான். இரண்டாவது கிளாஸையும் குடித்து முடித்து வைத்தார்.

"ஏம்மா, எல்லாம் எண்ணி எழுதியாச்சு. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. இந்த ஊருல ஒரு பட்ட கொய்யாகூடவா இல்லாமப் போச்சு?"

செவந்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க அதைத்தான் தேடுறீங்கன்னதும், பட்ட மரத்தைப் பாத்தா ஊருக்கே நஷ்டஈடு இல்லைன்னு எழுதிருவீங்கன்னு, எல்லாத்தையும் தோண்டி எடுத்து என்கிட்டதான் சார் கொண்டாந்து போட்டாங்க, கடைசிக் கட்டை இப்ப ஒங்க ரெண்டாவது டீக்குத்தான் எரிஞ்சுச்சு."