நூற்றறுபது குதிரையும் ரெண்டு மாடும்

நூறு மைல் வேகத்தில் ஓடுகிற கார் வாங்கினேன். வாங்கி ஒரு வருஷமாகியும் அது பத்து மைலைத் தாண்டவில்லை. கோளாறு இதுதான்.

கொடைக்கானல் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்ற வண்டி. எட்டு சிலிண்டர். நூற்றறுபது குதிரைச் சக்தி. மடக்கி வைக்கிற கூரை. திண்டுக்கல்லில் புகையிலை மண்டி வைத்திருக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு வயசு அறுபது. திருச்சி ரோட்டில் வடமதுரை வரைக்கும் ஒரே ஒரு தடவை அதை முழு வேகத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். இது ஒரு பேராசையா?

மெக்கானிக் கஸ்பார் மலையிலிருந்து வண்டியை இறக்கி வந்து வாசலில் நிறுத்தினான். என் பெண்டாட்டி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"கூரையைக் காணோம்?"

"மடக்கி வச்சிருக்கு."

"அப்ப மாப்பிள்ளை உக்காந்தா ஊருக்கே தெரியும்."

"எந்த மாப்பிள்ளை?"

"எந்த மாப்பிள்ளையா இருந்தா என்ன. சாவியக் கொடுங்க."

சாவி அவள் இடுப்புக்குப் போனது. கல்யாணத்துக்கு மட்டுந்தான் அங்கிருந்து வெளியே வரும். நத்தம், செம்பட்டி, எங்கே மாப்பிள்ளை அழைப்பு என்றாலும் வெற்றிலை பாக்கோடு வந்து அவளைக் கேட்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் ஓட்டுகிறவன், அவ்வளவுதான். முன்னால் நாதஸ்வரக்காரர் போவார். அவர் நின்றால் நூற்றறுபது குதிரையும் நிற்கும். தவில்காரர் கடைக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து என்னைப் பிடித்த நாளும் உண்டு. முன் சீட்டில் என் பக்கத்தில் இவள். வெளியூர் ரோட்டிலும் பத்து மைலுக்கு மேல் விடமாட்டாள். வழி நெடுக என் காலையே பார்த்துக்கொண்டு வருவாள். எங்கே அழுத்தி மிதித்துவிடுவேனோ என்ற பயம் என்று நினைத்தேன்.

"ஒரு நா வடமதுரைக்குப் போய்ட்டு வாரேனே."

"அங்க யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல. சும்மா."

"சும்மா போறதுக்கு நடந்து போங்க. உடம்புக்கு நல்லது."

யோசித்தேன். கஸ்பாரிடம் ஒரு சட்டம் உண்டு. அவன் கை வைத்த வண்டியை வடமதுரை வரை விரட்டிப் பார்க்காமல் சொந்தக்காரனிடம் விடமாட்டான். ஊருக்கே தெரியும். அப்படியானால் வண்டி கெட வேண்டும். ஊர்வலத்தில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் கெட வேண்டும். கஸ்பார் வருவான். பக்கத்தில் அவன், ஓட்டுவது நான்.

நாச்சிமுத்து மகன் கல்யாணம் வாய்த்தது. என் மச்சான் முறை. பிள்ளையார் கோயிலிலிருந்து பெண் வீட்டுக்கு ஊர்வலம். முச்சந்தியில் வழக்கம்போல் நிறுத்தி வாசித்தார்கள். தண்ணீர் பார்ப்பதுபோல் பானெட்டைத் திறந்தேன். இன்ஜினுக்குள் ரோட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு சாமான். அது இல்லாவிட்டால் வண்டி வெறும் இரும்பு. அதைக் கழற்றி, என் மூக்குப்பொடி டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்து உள்ளே போட்டு, சட்டைப்பையில் வைத்தேன்.

வாசிப்பு முடிந்தது. வண்டி கிளம்பவில்லை.

"என்னாச்சு?" என்றாள்.

"கெட்டுப் போச்சு. கஸ்பார் வந்தாத்தான்."

"வரட்டும். அதுக்காக மாப்பிள்ளை நடுரோட்டுல உக்காந்திருப்பாரா? நாச்சிமுத்தண்ணே, கோயில் வாசல்ல நிக்கிற கட்டை வண்டிலருந்து மாடு ரெண்டு அவுத்துட்டு வரச் சொல்லுங்க."

வந்தது. பம்பரில் கயிறு கட்டினார்கள். நூற்றறுபது குதிரையை ரெண்டு மாடு இழுத்தது. முன்னைவிட வேகமாகவே போனோம்.

"தேர் மாதிரி இருக்குல்ல?" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உற்சவ மூர்த்தியின் பட்டர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பெண் வீட்டு வாசலில் நாச்சிமுத்து கையை நீட்டினார். "மச்சான், ஒரு சிட்டிகை பொடி."

"தீந்து போச்சு மச்சான்."

இவள் திரும்பினாள். "காலையில நாந்தான நெறச்சு வச்சேன்?"

"போட்டுட்டேன்."

"அம்புட்டுமா? சாயங்காலத்துலருந்து ஒரு தும்மல் கூடக் கேக்கலியே."

நான் மாட்டைப் பார்த்தேன். மாடு என்னைப் பார்த்தது.

"சரி, மாட்டக் கோயில் வாசல்ல கட்டை வண்டிக்கிட்ட கட்டிட்டு வாங்க. சட்டையக் கழட்டிட்டுப் போங்க, பட்டு. மாடு வால்ல அடிச்சுச்சுன்னா சாணி போகாது."

மாடு பிடிக்க ஊரில் வேறு ஆள் இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேச்சு மாறினால் போதும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தேன். பாதி வழியில்தான் டப்பா ஞாபகம் வந்தது. மாட்டை விட்டுவிட்டு ஓட முடியாது. மாடும் ஓடாது.

திரும்பி வந்தால் கார் இல்லை.

"வண்டி எங்க மச்சான்?"

"கஸ்பார் வந்தான். தங்கச்சி ஏதோ சாமானை எடுத்துக் கொடுத்துச்சு. மாட்டினான், கிளம்பிருச்சு. ஓட்டிப் பாக்கப் போயிருக்காங்க."

"என்னை விட்டுட்டா?"

"நீங்கதான் மாடு பத்தப் போயிட்டீங்களே."

செத்த நேரத்தில் திருச்சி ரோட்டுப் பக்கம் புழுதி எழும்பியது. வண்டி வந்து நின்றது. கஸ்பார் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் இறங்கியது இடது பக்கக் கதவு வழியாக. ஸ்டியரிங் வலது பக்கம்.

என் சட்டையையும் டப்பாவையும் இவள் நீட்டினாள். "புதுப் பொடி போட்டு வச்சிருக்கேன். நல்லாத்தான் பறக்குது. ஒங்க வயசுக்கு ஆகாது."

கஸ்பாரைத் தனியே இழுத்தேன். "ஸ்பீடு முள்ளு எதுலடா நின்னுச்சு?"

"நிக்கல முதலாளி. நூறுக்கு அங்கிட்டு நம்பர் இல்ல."

ஆக, ஒரு வருஷமாக இருந்த கோளாறு அன்றைக்குத் தீர்ந்தது. தீர்த்து வைத்தவள், ஒரு வருஷமாக என் காலையே பார்த்துக்கொண்டு வந்த சண்முகவள்ளி.