அஞ்சு வருஷப் பல்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. மகன் நலம், மருமகள் நலம். மிச்சமிருப்பது என் கடைவாய், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கீழே வலது பக்கம் கடைசி இரண்டு பல்லையும் பிடுங்கியது உனக்குத் தெரியும். "உடனே கட்டிடுண்ணா, என்னை மாதிரி டம்ளர்ல பல்லைப் போட்டு வச்சுட்டுத் தேடாதே" என்று போனில் சொன்னவள் நீதான். உன் பேச்சைக் கேட்டு ஒரே ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்களிடம் மாட்டினேன். முதல் டாக்டர் பாலம் கட்டுகிறவர். முன்பக்கம் தூணாக ஒரு பல் இருக்கிறது, பின்பக்கம் ஒன்றுமில்லை, பாலம் நடு ஆற்றில் தொங்கும் என்று கையை விரித்தார். அடுத்தவர் எலும்பில் திருகாணி இறக்கி அதன் மேல் பல் வைக்கிறவர். அவருக்கு வாயில் எந்த ஓட்டையைப் பார்த்தாலும் திருகாணி ஞாபகம்தான். அதற்கு நல்ல எலும்பு வேண்டும் என்று தாடையைச் சுற்றிப் படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ரத்தம் கொடு, ஸ்கேன் எடு, வேறொரு டாக்டரைப் பார் என்று அலைக்கழித்தார்கள். பல்லுக்குப் போனவனை இடுப்பு வரை படம் பிடித்தார்கள். முடிவைக் கேட்க அந்த டாக்டரிடம் மகன் தனியாகப் போனான். "எல்லாம் நார்மல்ப்பா" என்று சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குள் போனவன், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெளியே வரவே இல்லை. தண்ணீர் வீணாகிறது என்று நான்தான் கதவைத் தட்டினேன்.

நேற்று மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் கழற்றி மாட்டுகிற செட்டு செய்கிறவர், அவர்களில் பெரியவர். "எதைப் போடறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. எத்தனை வருஷத்துக்கு வேணும்? திருகாணின்னா இருபது வருஷம் தாங்கும். செட்டுன்னா அஞ்சு" என்றார். என் வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருந்தன, பேச முடியவில்லை. அதற்குள் மகன் முந்திக்கொண்டான்.

"அஞ்சு வருஷத்துக்குப் போதும் டாக்டர்."

திருகாணிக்காரர்கூட அதற்குத் தலையாட்டினார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார்.

தங்கச்சி, செருப்புக் கடைக்காரன்கூட இன்னும் எத்தனை வருஷம் நடப்பீங்கன்னு கேக்க மாட்டான். பெத்த பிள்ளை என் ஆயுசுக்கு அளவெடுத்துட்டான். நம்ம அப்பா தொண்ணூறு வயசுல எலும்பைக் கடிச்ச மனுஷன். நான் மட்டும் அஞ்சுல அடங்கணுமாம். நேற்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. மருமகள் எல்லாவற்றையும் குழையக் குழைய வேகவைத்துக் கொண்டுவந்து வைக்கிறாள். டிவி ரிமோட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் ரொம்ப நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நீ ஒரு நடை வந்து, அத்தை என்ற உரிமையில் அவனை நறுக்கென்று நாலு கேள்வி கேள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கோ என்று மட்டும் பதில் எழுதாதே. கடிக்கப் பின்பக்கம் பல்லே இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வயதில் மூத்தவன் என்பதால் வாழ்த்துகிறேன்: உன் வீட்டில் எல்லாரும் பல்லும் சொல்லும் உறுதியாக நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அஞ்சு வருஷ அண்ணன்

பி.கு.: அவனுக்கு உறைக்கட்டும் என்று, கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உரக்கப் படித்துக் காட்டினேன். குளியலறைக் குழாய் வந்த இடத்தில் "போதும்ப்பா" என்றான். அந்த வேறொரு டாக்டர் அவனிடம் சொன்னதில் வருஷம் என்ற பேச்சே இல்லையாம். மாசக் கணக்குதானாம். ஆக, அஞ்சு என்று பிள்ளை தாராளமாகத்தான் கேட்டிருக்கிறான். நாலு கேள்வியும் வேண்டாம், அவனைத் திட்டாதே. நீ வந்தால் போதும். கொஞ்சம் சீக்கிரம் வா.