மூடிக்கொண்ட ஐந்து மைக்குகள்

சேவல் கூவிய மறுநொடி, திரையில் ஐந்து மைக்குகளும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன.

கிசுமு நகரத்து ஒற்றை அறையில் உட்கார்ந்தபடி, ஐந்து ஊர்களில் இருக்கும் ஐந்து பேரோடு கணினி வழியே அபோண்டி வேலை செய்தாள். பேருந்து டிக்கெட் விற்கும் கம்பெனி. பயணிகளின் புகார் அவள் பொறுப்பு; கூட்டத்தில் அவற்றைப் படிக்க வேண்டியிருந்ததால் தன் மைக்கை மூட முடியாது. வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதத் தகுதிகாண் பருவம் முடிகிறது. வேலை நிலைக்காவிட்டால் சித்தியின் மீன் கடையில் மறுபடி எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டியதுதான்.

கூட்டத்தில் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது கம்பெனியின் முதல் விதி. எழுதியவர் குமாசியில் இருக்கும் மேலாளர் செர்வா மேடம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தினமும் பத்து மணிக் கூட்டத்தில் சேவல் கூவும், மேடத்துடையதும் சேர்த்து ஐந்து மைக்கும் மூடும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இவ்வளவு மரியாதையாக வெறுக்கிறவர்களை அவள் பார்த்ததே இல்லை.

சேவல் பக்கத்து வீட்டு ஓமோலோ அம்மாவுடையது. திங்கட்கிழமை அவரைக் கெஞ்சி அதைக் கூடையால் கவிழ்த்து மூட வைத்தாள். கூடையின் ஓட்டை வழியே வெளிச்சம் வந்தபோதெல்லாம் சேவல் புதிதாக விடிந்ததாக நினைத்தது. அன்று பதினொரு முறை விடிந்தது.

செவ்வாய்க்கிழமை ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, தலையோடு போர்வை போர்த்திக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தாள். வியர்த்துக் கொட்டிய முகத்தைப் பார்த்து மேடம் மலேரியாவா என்றார். தலையாட்டிவிட்டாள். போய்ப் படுக்கச் சொல்லி, அவள் வேலையை உடனே இன்டோலாவில் இருக்கும் சக ஊழியர் புவால்யாவுக்கு மாற்றிவிட்டார். புவால்யா மைக்கைத் திறந்து வைத்திருப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் தன் வேலை போனது அவளுக்கு நெஞ்சைக் கிள்ளியது.

புதன்கிழமை விடிந்ததும் சேவலை விலைக்குக் கேட்டாள். அவசரத்தை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு பேரம் பேசப் போகலாமா? போனாள்.

"விக்கிற சேவல் இல்லடி இது. என் புருஷனைவிட நேரத்துக்குக் குரல் கொடுக்கும்."

"என்ன வேணும்னு சொல்லுங்க ஓமோலோ அம்மா."

அந்தம்மாள் அவள் தோளுக்கு மேலாக அறைக்குள் நிதானமாக எட்டிப் பார்த்தார். "அந்தக் கண்ணாடி நல்லாயிருக்கு."

கண்ணாடி போனது. பிறகு புதுக் குடையும் போனது. கட்டுகிற கயிறு வேண்டுமென்றால் அது தனி என்றார்.

சியாயாவில் இருக்கும் தன் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி மினிபஸ் ஓட்டுநரிடம் சேவலை ஒப்படைத்தாள். வண்டி கிளம்பும்போது அது ஒருமுறை கூவியது. வண்டி திருப்பத்தில் மறையும்வரை அபோண்டி நின்று பார்த்தாள். தினமும் காலை டீயும் மண்டாசிப் பணியாரமும் சாப்பிடும்போது ஜன்னலில் வந்து பங்கு கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

அன்றும் மறுநாளும் கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. ஒரு மைக்கும் மூடவில்லை. ஆனால் முகங்கள் துக்க வீட்டில் உட்கார்ந்ததுபோல் இருந்தன. மேடம் அடிக்கடி திரையை விட்டுப் பக்கத்தில் எதையோ குனிந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் எல்லோரையும் இருக்கச் சொன்னார்.

"அபோண்டி, உன் வேலை நிரந்தரம். போன வாரமே எழுதியாச்சு. இது வேற விஷயம். உன் சேவல் எங்கேம்மா?"

கூடை, மெத்தை, பொய் மலேரியா, கண்ணாடி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள் அபோண்டி. "இனிமே அந்தச் சத்தம் கேக்காது மேடம். சத்தியமா."

விதியை எழுதியவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் புவால்யா தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, உன் சேவலுக்கு எங்க வீட்டுச் சேவலுங்க பதில் கூவுறது மேடம் காதுல விழக் கூடாதுன்னுதான் நாங்க மைக்கையே மூடினோம், இப்ப அதோட குரல் கேக்காம மூணு நாளா ஒண்ணுகூடத் தீனி தொடல, மேடம் வீட்டுதும் சேர்த்து."