ஃபிளெக்ஸில் உப்பிய தாய்மாமன்

அன்புத் தங்கச்சி தங்கமாரிக்கு,

பாளையம்பட்டியிலிருந்து உன் அண்ணன் சங்கையா எழுதிக்கொள்வது. இங்கே உன் மதினி செல்லக்கிளி, மகள் சத்யபிரியா, ஆடுகள் எல்லாம் நலம். என்னை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவாய். காகிதத்தை எவ்வளவு திட்டினாலும் அது மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஓயும்.

உன் மகள் ராஜேஸ்வரி சடங்குக்கு உங்கள் பரளச்சி முக்கில் தாய்மாமன் என்று ஃபிளெக்ஸ் வைத்தேனே, அதில் என் கன்னம் இரண்டும் பன்னு மாதிரி இருந்ததைப் பார்த்து ஊரே, "சங்கையாவுக்குக் கரி லோடு வண்டியில நல்ல வரும்படி போல" என்றது, நானும் மறுக்கவில்லை, செழிப்பு வந்துவிட்டது என்று கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. பிறகு கால் வீங்கியது, செருப்பு சுருங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். ஒன்றுக்குப் போனால் நுரை பொங்கியது, கக்கூசில் சோப்புத்தூளைக் கொட்டி வீணாக்குகிறாள் என்று செல்லக்கிளியைத் திட்டினேன். அவள், "ஆமா, ஒங்களத் தொவைக்கத்தேன் போட்டேன்" என்று சொல்லி என்னை மதுரைக்குப் பஸ் ஏற்றினாள்.

அங்கே டாக்டரம்மா ரத்தம் எடுத்து, ஜீன் சோதனை எல்லாம் செய்து, "உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "அத்தை மகன், மாமன் மகள். வெளியாளுக்குப் பொண்ணு குடுக்குற பழக்கமே எங்க வீட்ல இல்லம்மா" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கிட்னிக்குள் சல்லடை இருக்கிறதாம், அதற்குக் காவல் நிற்கிற புரதம் செல்லுக்குள் தயாராகிறதாம். என் ஜீனில் ஓரெழுத்து மாறியதால் அது கோணலாக மடிந்துவிட்டது, மாப்பிள்ளை சட்டையில் பொத்தான் மாறியிருக்கிறது என்று மண்டபத்துக்கு விடாமல் அறையிலேயே பூட்டிவைத்த மாதிரி, செல் அதை வெளியே அனுப்புவதே இல்லையாம். காவல் இல்லாத சல்லடை வழியாக ரத்தத்துச் சத்து நுரையாக ஓடுகிறது. இந்தக் கோணல் ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் வந்திருந்தால் பாதகமில்லையாம். சின்ன வயசில் அவுக எது கொடுத்தாலும் உனக்கு விடாமல் பறிப்பேனே, அதே மாதிரி இதையும் இரண்டாக வாங்கிக்கொண்டேன்.

என் மகளிடம் ஒன்று கட்டாயம் இருக்குமாம். அவளுக்குப் பேசிவைத்த உன் மகன் மதன்குமாரிடமும் ஒன்று இருந்தால், பிறக்கிற பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிடலாம். ஆகையால், "மொறப்பொண்ண விட்டுட்டு வெளிய பாத்தா ஒன் நடுவீட்ல வந்து படுத்துக்குவேன்" என்று சவடால் விட்ட நானே சொல்கிறேன், ஆவணியில் வைப்பதாக இருந்த பரிசத்தைத் தள்ளிப்போடு. மருமகனுக்கு ரத்தம் பார்த்துவிட்டுப் பேசுவோம். நீ கல்லு மாதிரி இருக்கிறாய், உனக்கு ஒன்றுமில்லை. அவசரமே இல்லை, மழை பெய்து விதைப்பு முடிந்ததும் அவனை ஆற அமர அனுப்பு.

மச்சானுக்கு என் கும்பிடு. ராஜேஸ்வரி நன்றாகப் படிக்கட்டும். உங்கள் கண்மாய் இந்த வருசமாவது நிறையட்டும்.

இப்படிக்கு,
இளைத்துவரும் அண்ணன்,
சங்கையா

பின்குறிப்பு: "அவசரமே இல்லை" என்பதை அடித்துவிடு. அந்த ஃபிளெக்ஸ்தான் இப்போது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. கவரை ஒட்டப்போகும்போது செல்லக்கிளி அண்ணாந்து பார்த்து, "ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீகளே, பக்கத்துல ஒங்க தங்கச்சி மூஞ்சியப் பாத்தீகளா?" என்றாள். பார்த்தேன், அதுவும் என்னுடையது மாதிரியே உப்பியிருக்கிறது. அதைத்தான் சடங்கன்றைக்குப் பூசணி, பூசணி என்று பந்தி முழுக்கக் கேலி செய்துகொண்டிருந்தேன். இதை மட்டும் உனக்கு விடாமல் பறிக்க எனக்குத் துப்பில்லை போலிருக்கிறது. பரிசம் கிடக்கட்டும், உனக்குத்தான் முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து கதவிடுக்கில் செருகியிருக்கிறேன். மதுரை போய்ச் சேருகிறவரை என்னைத் திட்டலாம், சேலையை மாத்திட்டு வா. வாசல்ல ஹாரன் அடிக்கிறது நான்தான்.