ரசாயனம் கலக்காத முயல்

ஒரு காட்டில், அதாவது சுற்றுலா விடுதி கட்டியது போக மிச்சமிருந்த காட்டில், செண்பகவல்லி என்றொரு முயல் வீட்டுத் தோட்டம் போட்டு வாழ்ந்துவந்தது. முருங்கை, பிரண்டை, முடக்கத்தான், நாலு பாத்தி பொன்னாங்கண்ணி. உரத்துக்குச் சாணம், பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். வேலியில் 'இங்கே விளைவதில் ரசாயனம் இல்லை' என்று ஒரு பலகை. அதைப் படிக்காமல் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தானே படித்துக் காட்டும்.

பக்கத்துப் புதரில் மொக்கராசு என்ற காட்டுப்பன்றி குடியிருந்தது. அதற்குச் சாப்பாடு விடுதியின் குப்பைத்தொட்டியில்.

"அண்ணே, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று முயல் தினமும் கேட்கும். தெரிந்துகொள்வதற்காக அல்ல.

"நேத்து மிஞ்சுன பரோட்டா, தாயி. சால்னாவுல ஊறிக் கிடந்துச்சு."

"மைதா, அண்ணே. குடல்ல பசை மாதிரி ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும் தாயி. வெளியே போனா மறுபடியும் பசிக்குமுல்ல."

இப்படி இருக்கையில், அந்தக் காட்டுப் புலிக்குத் தலைசுற்றல் வந்தது. வைத்தியர் கரடி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கொழுப்பு அதிகம் என்றது. இனி யாரைச் சாப்பிடுவதானாலும் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று முதலில் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும்; ரசாயனம் கலந்தவரைத் தொடக் கூடாது. அதற்கென ஒரு படிவமும் கொடுத்தது. அந்தக் காலத்துப் புலியாக இருந்தால் வைத்தியரைத் தின்றிருக்கும். இது பரிசோதனை அறிக்கையைப் பார்த்த புலி. படிவத்தை வாங்கிக்கொண்டது.

காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்த புலியிடம் முதலில் அகப்பட்டது மொக்கராசு.

"உட்காருங்க. மூணே கேள்விதான். காலை உணவு?"

"பரோட்டா, ஐயா."

"மதியம்?"

"குளிர்பானம். பாட்டிலுக்கு அடியில கொஞ்சம் விட்டு வச்சிருப்பாங்க."

"சாயங்காலம்?"

"சிப்ஸு. பாக்கெட்டோட."

பென்சில் நின்றது. "பாக்கெட்டையுமா?"

"உப்பெல்லாம் அதுலதானே ஒட்டியிருக்கு."

புலி இரண்டடி பின்வாங்கியது. "உடம்பைப் பார்த்துக்கங்க" என்று உண்மையான அக்கறையோடு சொல்லிப் படிவத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டது. பிறகு திரும்பி, வேலியிலிருந்த பலகையைப் படித்தது. நிதானமாக, இரண்டு முறை. கூப்பிடாமலே ஒருவர் பலகையை முழுக்கப் படிப்பதைக் கண்ட முயல் பூரித்துப்போய் வெளியே வந்தது.

பன்றிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஐயா, பலகையை நம்பாதீங்க. யாருமில்லாதப்ப யூரியா போடுது. நானே பார்த்தேன்" என்று சொல்லி, முயலைப் பார்த்துக் கண்ணடித்தது.

முயல் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். புலி அப்போதே அதையும் விட்டுவிட்டுப் போயிருக்கும்.

"யூரியாவா?" முயலின் காதுகள் நடுங்கின. "நானா? ஐயா, இந்த மண்ணை மோந்து பாருங்க. மண்புழுவை எண்ணிப் பாருங்க. மூணு வருஷமா கடை உரம் ஒரு சிட்டிகை இந்த வேலியைத் தாண்டினதில்லை. சந்தேகமா இருந்தா என்னையே மோந்து பாருங்க."

புலி மோந்து பார்த்தது. முருங்கைப்பூ வாசனை வந்தது.

"தாயி, யூரியாவை உன் வாயிலதான் போட்டிருக்கணும்" என்றது பன்றி வருத்தத்தோடு.

புலி படிவத்தை முடித்து மடித்து வைத்துவிட்டு வாயைத் திறந்தது.

"இப்படியேவா சாப்பிடப் போறீங்க?" என்றது முயல். "நின்னுக்கிட்டா? வயித்தைச் சுத்தம் பண்ணாம என்னைச் சாப்பிட்டா என் சத்து உங்க உடம்புல எப்படிச் சேரும்? மூணு வருஷ உழைப்பு, ஐயா. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், விடாம வெறும் கீரை சாப்பிடுங்க. அப்புறம் வாங்க."

இது தந்திரமல்ல. முயலுக்குத் தந்திரம் உண்டு என்பது கதை சொல்கிறவர்கள் கிளப்பிவிட்டது. செண்பகவல்லி மனமாரத்தான் சொன்னது. புலி சப்பணமிட்டு உட்கார்ந்து குறித்துக்கொண்டது.

திங்கட்கிழமை முதல் பொன்னாங்கண்ணி. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற பழமொழிக்கு இதனால் பங்கமில்லை. பழைய இலக்கணப்படி புல் என்பது தென்னை, பனை போல வெளிப்புறம் வைரம் பாய்ந்தவைதான், கீரை அதில் சேராது. ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும். முயல் பக்கத்தில் இருந்து எண்ணியது.

சனிக்கிழமை புலி மெலிந்த குரலில் கேட்டது. "ஏம்மா, வாரத்துல ஒரே ஒரு நாள், வாய்க்கு ருசியா ஏதாவது?"

முயல் யோசித்தது. அதுவும் கல்நெஞ்சுக்காரி அல்ல. "ஞாயித்துக்கிழமை மட்டும். அன்னிக்குக் கண்டதையும் தின்னலாம். தப்பில்லை."

ஞாயிற்றுக்கிழமை புலி வந்தபோது மொக்கராசு புதரோரம் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டை மென்றுகொண்டிருந்தது. புலியின் கையில் படிவம் இல்லை.

முயல் அண்ணனுக்காக அழுதது. அழுதுகொண்டே எலும்பை மக்கும் குழியிலும் பாக்கெட்டை மக்காத குப்பையிலும் சேர்த்தது. அந்த ஆண்டு சுரைக்காய் நன்றாகக் காய்த்தது.

புலி இன்னும் முயலைச் சாப்பிடவில்லை. ஞாயிறுதோறும் விரதம் முறிவதால், திங்கட்கிழமைதோறும் மண்டலத்தை முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது. பன்றிகள்தான் குறைந்து வருகின்றன.

நீதி: சத்துள்ள உணவாக இருப்பவருக்கு நாற்பத்தெட்டு நாள் தவணை உண்டு. நொறுக்குத்தீனியாக இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வெளியே தலைகாட்டக் கூடாது.