நிதானம் சாரின் விண்ணப்பம்

பதறாத மனிதர்கள் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். நீங்கள் தேடிப் போக வேண்டாம், அவரே வந்து "பதறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். கூரை இடிந்து விழுந்தாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். பிறகு மூச்சை இழுத்து விடுவார். அதற்கப்புறம்தான் நகர்வதைப் பற்றி யோசிப்பார்.

குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்றின் புகார்ப் பிரிவில் அப்படி ஒருவர் இருந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் நிதானம் சார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யார் வந்து கத்தினாலும், பெரிய நோட்டு ஒன்றைத் திறந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நம்பர் எழுதி, "பதிவாயிடுச்சு, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்பார். வந்தவரும் தண்ணீரே வந்துவிட்ட மாதிரி திரும்பிப் போவார்.

ஒருநாள் காலையில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து நோட்டு கிடையாது, காகிதம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான், தன் மேஜையில் கடிதம் வைக்கிற தட்டைக்கூட எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பிரிவே கதிகலங்கிப் போயிற்று. ஒருவர் நீண்ட விடுப்புக்கு எழுதிப் போட்டார். இன்னொருவர் தன் ரத்த அழுத்தத்தை ஊருக்கெல்லாம் சொன்னார். நம்மவரோ டீயை ஆற்றிக் குடித்தபடி, "வரட்டுமேப்பா. கம்ப்யூட்டர் என்ன கடிக்கவா போகுது? மாற்றம்னா இயற்கை. நாமதான் கொஞ்சம் நெளிவு சுளிவா போகணும்" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் உபதேசம் செய்தார்.

இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. நிதானம் சார் முதல் வரிசையில் உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினார். ஆட்டிய ஆட்டில் மயங்கிய பயிற்சியாளர், மற்றவர்களை விட்டுவிட்டு அவர் ஒருவருக்கே பாடம் நடத்தினார். மற்றவர்கள் ஆளுக்கு நாற்பது சந்தேகம் கேட்டார்கள். இவருக்கு ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? சந்தேகம் வருவதற்குக் கொஞ்சமாவது உள்ளே போயிருக்க வேண்டாமா? உண்மையில் மனிதருக்குத் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் மேஜைக்குக் கீழே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்தத் தலையாட்டலின் புகழ் மேனேஜர் வரை போய்ச் சேர்ந்தது. "புதுப் பிரிவுக்கு உங்களைத்தான் தலைவராப் போடலாம்னு இருக்கேன். கம்ப்யூட்டர்ல ஒரு விண்ணப்பம் மட்டும் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றார்.

இந்த நாற்காலிக்காக நிதானம் சார் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறார் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும். விசேஷத்துக்கு விசேஷம் மனைவியின் தம்பி, "என்ன மச்சான், இன்னும் அதே சீட்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான். அந்த அம்மாள் அன்று மாலையே தம்பிக்குப் போன் போட்டு, "இனிமே உன் மச்சான்தான் அங்க தலைவர்" என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை நிதானம் சார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அது கடவுச்சொல் கேட்டது. கொடுத்தார். தப்பு என்றது. மூன்றாவது தடவையும் தப்பு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. பக்கத்து மேஜையில் இருந்த குமாஸ்தா பெண் எட்டிப் பார்த்தாள்.

"சார், நான் வேணா போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம்மா. பதறாத. பார்த்துக்கலாம்."

அவள் எங்கே பதறினாள்? சும்மா இருந்தவளைப் பதறாதே என்று அடக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? முத்து முத்தான கையெழுத்தில் காகிதத்தில் விண்ணப்பம் எழுதினார். ஒப்படைத்திருக்க வேண்டிய பழைய நோட்டைப் பீரோவிலிருந்து எடுத்து, அதில் பதிந்து, நம்பர் போட்டார். மேனேஜர் அறைக்குக் கொண்டு போனார். தட்டு இல்லை, தட்டு இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று விண்ணப்பத்தைத் தொட்டிக்கு அடியில் பத்திரமாகச் செருகிவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை மேனேஜர் செடிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினார்.

திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. தலைவர், அந்தக் குமாஸ்தா பெண்.

அவளே சங்கடத்தோடு வந்து நின்றாள். "சார், கடைசி நேரம் வரைக்கும் விண்ணப்பிச்சவங்க லிஸ்ட்ல உங்க பேரைக் காணோம். வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சுத்தான், பஸ்ல வீட்டுக்குப் போகும்போது போன்லயே விண்ணப்பம் போட்டேன்."

"அதனால என்னம்மா, ரொம்ப சந்தோஷம். மாற்றம்னா அப்படித்தான்" என்றார். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். வீட்டில் என்ன சொல்வது? அந்தத் தம்பிக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது?

சாயங்காலம் புதுத் தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புகாரைப் பதிவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் தலையாட்டினார். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"சார், இப்ப நான் என்ன சொன்னேன்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியலைம்மா. முதல் நாள்லேர்ந்தே ஒண்ணும் புரியலை. கேட்க வெட்கமா இருந்துச்சு."

"இதை வியாழக்கிழமை சொல்லியிருந்தீங்கன்னா, அஞ்சு நிமிஷத்துல உங்க விண்ணப்பத்தைப் போட்டிருப்பேனே சார்."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நிதானம் சாருக்குப் பதற்றம் வெளியே வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஐயோ, அஞ்சு நிமிஷமா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அன்று ஏழு மணிக்குள் அவர் நான்கு புகார்களைத் தானே பதியக் கற்றுக்கொண்டார்.

சரி, அவரை விடுங்கள். "எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடு" என்று, உங்களைவிடச் சின்னவர் ஒருவரிடம் நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது? நினைவில்லையா? "என்ன அவசரம், யோசித்துச் சொல்கிறேன்" என்கிறீர்களா?

எவ்வளவு நிதானமாகச் சொல்கிறீர்கள்!